பத்தே சத்தம், மூன்று மடங்கு விலை

இசைக்கருவிக் கடையில் ஒரு சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் நின்றால் போதும், இந்தக் கேள்வி காதில் விழுந்துவிடும். ஒரு ஸ்டாண்டில் 61 கட்டை கீபோர்டு. 600 சத்தம், 200 தாளம், பளிச்சென்று ஒரு திரை. விலை 15,000 ரூபாயை ஒட்டி. பக்கத்து ஸ்டாண்டில் கறுப்பாக, நீளமாக, நாலைந்து பட்டனுக்கு மேல் ஒன்றும் இல்லாத ஒரு பலகை. அதில் பத்துச் சத்தம்தான் வரும். விலை 45,000. "என்னங்க, வசதி குறையக் குறைய விலை ஏறுமா?" என்கிறார் பிள்ளையோடு வந்திருக்கும் அப்பா. "அது டிஜிட்டல் பியானோ சார்" என்று சொல்லிவிட்டு, விற்பனையாளர் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுகிறார்.

அப்பா கேட்டதில் தப்பே இல்லை. கூடுதலாகக் கேட்கும் அந்த 30,000 ரூபாயில் பெரும்பங்கு கட்டைகளுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

சாதாரணக் கீபோர்டில் கட்டையை அழுத்தினால் அடியில் இருக்கும் ஸ்பிரிங் விரலைத் திருப்பித் தள்ளும். அழுத்த லேசாக இருக்கும், எல்லாக் கட்டையும் ஒரே மாதிரி இருக்கும். டிஜிட்டல் பியானோவில் ஒவ்வொரு கட்டையும் தனக்கென ஒரு சின்னச் சுத்தியலைத் தூக்குகிறது. அந்தச் சுத்தியல் அடிக்க உள்ளே கம்பி எதுவும் கிடையாது. விரலுக்குக் கனம் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். இடது பக்கம், கீழ் ஸ்தாயியில், கனம் கூடுதல். வலது பக்கம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். நிஜப் பியானோவில் தடித்த கம்பியை அடிக்கப் பெரிய சுத்தியலும் மெல்லிய கம்பிக்குச் சிறியதும் தேவைப்படுவதால் கனம் தானாக அப்படி அமைகிறது. இங்கே அதை வேலை மெனக்கெட்டுச் செய்து வைக்கிறார்கள்.

பியானோ பிறந்த கதையே இந்தச் சுத்தியலின் கதைதான். அதற்கு முன்பு ஐரோப்பிய அரண்மனைகளில் இருந்த ஹார்ப்சிகார்டில், கட்டையை அழுத்தினால் ஒரு சிறு முனை கம்பியைச் சுண்டிவிடும். ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். 1700-ஐ ஒட்டி, ஃப்ளாரன்ஸில் மெடிசி இளவரசரிடம் வேலை பார்த்த பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி, சுண்டுவதை விட்டுவிட்டுச் சுத்தியலால் கம்பியை அடிக்க வைத்தார். அடித்த சுத்தியல் உடனே விலகிக்கொள்ளவும் வழி செய்தார். விரல் போகும் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் கூடவும் குறையவும் ஆரம்பித்தது. அவர் செய்த பியானோக்களில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்று. 1720-இல் செய்த ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பீத்தோவனும் ஷோப்பானும் இந்தக் கூடுதல் குறைச்சலை நம்பித்தான் எழுதினார்கள். வலது கை மெட்டை எடுத்துக் காட்டும்போது இடது கை அடங்கிப் போக வேண்டும். சில இடங்களில் ஒரே கையிலேயே சுண்டுவிரல் ஓங்கி ஒலிக்க, மற்ற விரல்கள் பின்வாங்க வேண்டும். லேசான ஸ்பிரிங் கட்டையில் வருடக்கணக்கில் பழகிய பிள்ளையை நிஜப் பியானோ முன் உட்கார வைத்தால் சிரமம் உடனே தெரிந்துவிடும். மெல்ல வாசிக்கச் சொன்னால் பாதிச் சுரம் ஒலிக்காது. உரக்க வாசிக்கச் சொன்னால் தோள் இறுகிவிடும்.

விரலுக்குத் தெரிவது கனம் என்றால், கருவிக்குத் தெரிவது வேகம் மட்டும். கட்டைக்கு அடியில் ரப்பரால் ஆன இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். கட்டை இறங்கும்போது ஒன்று முதலில் படும், மற்றது கண நேரம் கழித்துப் படும். அந்த இடைவெளியை உள்ளே இருக்கும் சிப் அளந்து, 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றி, அதற்கேற்ற சத்தத்தைத் தருகிறது. இந்த எண் கணக்கு, மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேச 1983-இல் வந்த மிடி முறையில் உள்ளது. யமஹாவின் முதல் கிளாவினோவா மின்னணுப் பியானோ கடைக்கு வந்ததும் அதே ஆண்டுதான்.

சில மாடல்களில் மூன்றாவது சென்சார் ஒன்றும் உண்டு. கட்டை முழுக்க மேலே வருவதற்குள் மறுபடி அழுத்தினாலும் சுரம் ஒலிக்க வேண்டும் என்பதற்காக அது. கிராண்ட் பியானோவுக்கு இந்த வசதியைக் கொடுத்த பொறியமைப்பை உருவாக்கியவர் செபாஸ்தியன் எரார், 1821-இல் அதற்குக் காப்புரிமை வாங்கப்பட்டது. சுவரை ஒட்டி நிற்கும் அப்ரைட் பியானோக்களில் பொதுவாக அது கிடையாது. ஆகவே, ஒரே சுரத்தைப் படபடவென்று தட்டுவதில் நல்ல டிஜிட்டல் பியானோ சாதாரண அப்ரைட்டை மிஞ்சிவிடும். பழைய பியானோ வாத்தியார்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுளிப்பார்கள். ஆனால் உண்மை.

சத்தத்துக்கு வருவோம். பெரும்பாலான கருவிகள் செய்வது பதிவு செய்த ஒலியைத் திருப்பித் தருவதுதான். விலையுயர்ந்த ஒரு கச்சேரி கிராண்ட் பியானோவின் ஒவ்வொரு சுரத்தையும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று பல அளவில் வாசித்துப் பதிந்து வைக்கிறார்கள். ரோலண்ட் 2009-இல் கொண்டுவந்த வி-பியானோ இன்னொரு வழியில் போனது. பதிவே இல்லாமல், கம்பி எப்படி அதிரும் என்பதை அந்தந்தக் கணத்தில் கணக்குப் போட்டே ஒலியை உண்டாக்குவது. இரண்டில் எது மேல் என்று ஆர்வலர்கள் விடிய விடிய வாதாடுவார்கள். முதல் சில வருடம் கற்கும் பிள்ளைக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போடும் பாலிஃபனி எண்ணும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகளைக் கருவி தாங்கும் என்பது அது. 64, 96, 128, 192, 256 என்று போகும். சுரத்தை நீடிக்கவைக்கும் பெடலை மிதித்தபடி நிறைய சுரங்களை வாசித்தால் பழைய ஒலிகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும், அதைத் தவிர்க்க எண் பெரிதாக இருக்க வேண்டும். ஆரம்பப் பாடங்களுக்கு 64 போதும். 192-க்கு ஆசைப்பட்டுக் கட்டையின் தரத்தில் சமரசம் செய்துகொள்வது புத்திசாலித்தனம் இல்லை.

இனி வீட்டுக்கு ஒத்துவருமா என்ற கேள்வி. பிள்ளை என்ன கற்கிறது என்பதை முதலில் ஆசிரியரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் பிள்ளைகள் எழுதும் ட்ரினிட்டி காலேஜ் லண்டன் கிரேடு தேர்வுகளில் பியானோவுக்கு ஒரு பாடத்திட்டம், எலக்ட்ரானிக் கீபோர்டுக்கு வேறொரு பாடத்திட்டம். கீபோர்டு தேர்வில் கருவியே தாளமும் பின்னணியும் தரும் வசதியைக் கையாளத் தெரிய வேண்டும். பத்துச் சத்தம் மட்டும் உள்ள டிஜிட்டல் பியானோவில் அந்த வசதி இருக்காது. 45,000 கொடுத்து வாங்கிய பிறகு, "இதில் எங்கள் சிலபஸ் வாசிக்க முடியாதே" என்று ஆசிரியர் சொன்னால் யாரை நோவது? பாடம் பியானோ என்றால் எதிர்ப்பக்கச் சிக்கல். 61 கட்டை கீபோர்டு கொஞ்ச காலத்துக்குத்தான் ஓடும், பிறகு கட்டையும் போதாது, கனமும் போதாது.

கர்நாடக இசை கற்கும் வீடுகள் இன்னும் யோசிக்க வேண்டும். பியானோக் கட்டை ஒரு சுரத்தில் நின்றால் நின்றதுதான், அங்கிருந்து வழுக்கிப் போக வழி இல்லை. கமகம் வேண்டுமென்றால் சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் வேண்டும். கீபோர்டில் முழுக் கச்சேரி செய்யும் கே. சத்யநாராயணனின் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு, கீபோர்டில் கமகம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். டிஜிட்டல் பியானோக்கள் பெரும்பாலானவற்றில் அந்தச் சக்கரம் கிடையாது. கேசியோ பிஎக்ஸ்-எஸ்3000 போலச் சிலவற்றில் உண்டு. சிக்கில் குருசரண் பாட அனில் ஸ்ரீனிவாசன் பியானோ வாசிக்கும் கச்சேரிகளில் கமகத்தைக் குரல் பார்த்துக்கொள்கிறது, பியானோவுக்கு வேறு வேலை. உங்கள் பெண் கல்யாணி வர்ணத்தை அப்படியே கட்டையில் கொண்டுவர ஆசைப்பட்டால், சக்கரம் உள்ள கீபோர்டுதான் அவளுக்கு உதவும்.

ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவுக்கு வாசிக்கும் பையனுக்கும் இதே பதில். அவனுக்கு ஆர்கன் சத்தம் நன்றாக வர வேண்டும், சுருதியைப் பட்டனில் மாற்ற வேண்டும், கருவியை பைக்கில் பின்னால் உட்கார்ந்தவர் மடியில் வைத்துத் தூக்கிப் போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோ கனமும் சுமார் 130 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பலகையோடு இதெல்லாம் நடக்காது.

டிஜிட்டல் பியானோ மிகப் பொருத்தமாக அமைவது, என் பார்வையில், இரண்டு வகை வீடுகளில். ஒன்று, பியானோப் பாடமே படிக்கும் பிள்ளை உள்ள வீடு. இன்னொன்று, சின்ன வயதில் விட்டதை நாற்பது வயதில் எடுக்க நினைக்கும் அம்மாவோ அப்பாவோ உள்ள அடுக்குமாடி வீடு. இரவு பத்து மணிக்கு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தப்பும் தவறுமாக வாசிக்கலாம், யாருக்கும் கேட்காது. ஹெட்ஃபோன் ஒயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்ஃபோனில் கட்டையை அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் சத்தம் வரும், தாளமே கெட்டுவிடும்.

யாருக்கும் கேட்காது என்பதிலும் ஒரு திருத்தம் உண்டு. கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்கும். உள்ளே 88 கட்டைகளின் சுத்தியல்களும் எழுந்து விழுகின்றன அல்லவா, அந்த டொக்டொக் ஸ்டாண்டின் கால் வழியே தரைக்கு இறங்கும். இசை இல்லாமல் தட்டல் மட்டும் தலைக்கு மேல் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த ரப்பர் மேட் போட்டால் பெருமளவு அடங்கும்.

நிஜப் பியானோவே வாங்கினால் என்ன? இடமும் சில லட்சங்களும் இருந்தால் அதற்கு ஈடில்லை. ஆனால் அதற்குள் 200-க்கு மேற்பட்ட கம்பிகள் டன் கணக்கான இழுவிசையில் நிற்கின்றன. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊரில் ஈரக்காற்றுக்கு மரப்பலகை உப்பும், கம்பி துருப்பிடிக்கும், சுருதி நகரும். வருடத்துக்கு இரண்டு தடவையாவது சுருதி சேர்க்க ஆள் வர வேண்டும், சின்ன ஊர்களில் அந்த ஆளைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை. டிஜிட்டலில் இந்தத் தொல்லை இல்லை. அதன் எதிரிகள் தூசியும் கரப்பானும் திடீர் மின் எழுச்சியும். ஒரு துணி உறையும் ஒரு ஸ்பைக் பஸ்டரும் போதும்.

கடையில் எப்படிப் பார்ப்பது? டெமோ பட்டனை அமுக்கி அருமையான ஒரு பாட்டை ஓடவிடுவார்கள். அதைக் காதில் வாங்காதீர்கள். பிள்ளையை உட்கார வைத்து, ஒரே கட்டையை மெல்லத் தொடங்கிப் படிப்படியாக ஓங்கி அழுத்தச் சொல்லுங்கள். சத்தம் படி ஏறுவது போல இல்லாமல் சரிவாக ஏற வேண்டும். அடுத்து, கட்டையின் நுனியில் அழுத்திவிட்டு, அதே கட்டையை உட்புறம், கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். கட்டை என்பது சீசா மாதிரி. அதன் அச்சு விரலுக்கு மிக அருகில் இருந்தால் உட்புறம் கல்லாக இருக்கும். பலகை வடிவில் வரும் மலிவான மாடல்கள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. கறுப்புக் கட்டை நிறைய வரும் பாடங்களில் கை உள்ளே போயே ஆக வேண்டும், அப்போதுதான் இது படுத்தும். யமஹா பி-145, ரோலண்ட் எஃப்பி-10, கேசியோ சிடிபி வரிசை, கவாய் இஎஸ்-120 என்று பெயர்களை அடுக்கலாம். ஒன்றின் கட்டை மற்றதைப் போல இருக்காது. பத்து நிமிடம் வாசித்தால் எது கைக்கு ஒத்துவருகிறது என்று பிள்ளையே சொல்லிவிடும்.

பணத்தை முழுக்கக் கருவியில் போட்டுவிடாமல் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். கடைக்காரர் தள்ளிவிடும் எக்ஸ் வடிவ ஸ்டாண்டு ஆடும், முழங்காலையும் இடிக்கும். நான்கு கால் உள்ள மேசை ஸ்டாண்டு வாங்குங்கள். உயரம் கூட்டிக் குறைக்கும் ஸ்டூல் அவசியம், சாப்பாட்டு மேசை நாற்காலி ஒத்துவராது. பெட்டிக்குள் கூடவே வரும் சஸ்டெயின் பெடல் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிதாக இருக்கும். நம் டைல்ஸ் தரையில் மிதித்த மிதியில் வழுக்கி ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும். பியானோ பெடல் வடிவில், அடியில் ரப்பர் ஒட்டியதாகத் தனியாகக் கிடைக்கிறது. பாதி மிதித்தால் பாதி பலன் தரும் வகையைக் கருவி ஏற்குமா என்று கேட்டு வாங்கினால் பெரிய கிரேடுகளிலும் கைகொடுக்கும்.

பழையது வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆர்வத்தில் வாங்கி ஆறு மாதத்தில் ஓரங்கட்டிய கருவிகள் ஊரில் நிறையவே இருக்கின்றன. 52 வெள்ளைக் கட்டை, 36 கறுப்புக் கட்டை, ஒன்று விடாமல் ஒரே மெதுவான அழுத்தத்தில் வாசித்துக்கொண்டு போங்கள். நடுவில் ஏதாவது ஒன்று திடீரென்று கத்தினால் ரப்பர் தொடுபுள்ளி தேய்ந்திருக்கிறது என்று பொருள். மாற்றலாம், ஆனால் அந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்ட பிறகு விலை பேசுங்கள். கட்டை எழும்பும்போது கடகடவென்றால் உள்ளே இருக்கும் மெத்தைத் துணி நைந்துவிட்டது. அதற்கும் ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். அடாப்டர் ஒரிஜினல்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டியையும் கேட்டு வாங்கிப் பரண்மேல் போட்டு வையுங்கள், வீடு மாறும்போது தேவைப்படும்.