வாழ்றதுக்கு எந்த ஊர் பெஸ்ட்? காவலூர் சொல்ற பதில்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

உங்ககிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர ஒரு கேள்வி: "வாழ்றதுக்கு எந்த ஊர் பெஸ்ட்? சென்னையா, பெங்களூரா, இல்ல பேசாம சொந்த ஊருக்கே போயிடலாமா?" இதுக்கு நூறு யூடியூப் வீடியோ இருக்கு. வாடகை, டிராஃபிக், தண்ணி, காத்து எல்லாத்துக்கும் மார்க் போட்டு ஒரு ரேங்க் லிஸ்ட் கொடுப்பாங்க. எனக்கு அந்த லிஸ்ட் எதுவும் உதவல. உதவினது எங்க ஊர் பக்கத்துல இருக்கிற ஒரு டெலஸ்கோப்.

என் ஊர் ஆலங்காயம். திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலை அடிவாரம். அங்கிருந்து ஜமுனாமரத்தூர் போற ரோட்ல மேல ஏறினா காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் அங்கதான் இருக்கு. "இவ்ளோ பெரிய டெலஸ்கோப்பை ஏன் இங்க கொண்டு வந்து வெச்சாங்க?" இந்தக் கேள்விக்குப் பதில் தேடினப்போ, வீடு தேடுற விஷயமே எனக்குக் கொஞ்சம் புரிஞ்சுது.

நாலு வீடு மாறின ஒரு ஆய்வகம்

கதை சென்னை நுங்கம்பாக்கத்துல ஆரம்பிக்குது. 1792ல கிழக்கிந்தியக் கம்பெனி அங்க ஒரு வானாய்வகம் கட்டினாங்க. அதோட கருங்கல் தூண் இன்னும் வானிலை மைய வளாகத்துல நிக்குது. கடல் வழியா வர்ற கப்பலுக்கும், நில அளவைக்கும் துல்லியமான நேரமும் நட்சத்திரங்களோட இடமும் தேவை. அந்த வேலைக்கு மெட்ராஸ் சரியான இடம்.

அடுத்து 1870கள்ல தென்னிந்தியாவில பெரும் பஞ்சம். சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கான்னு பார்க்கணும்னு அரசு யோசிச்சாங்க. சூரியனைப் பார்க்க தூசி குறைஞ்ச, உயரமான இடம் வேணும். 1899ல ஆய்வகம் கொடைக்கானலுக்குப் போச்சு. கிட்டத்தட்ட 2,340 மீட்டர் உயரம். நூறு வருஷத்துக்கும் மேல அங்க சூரியனைப் படம் எடுத்துட்டு இருக்காங்க.

1960ல வைணு பாப்பு கொடைக்கானல் ஆய்வகத்தோட இயக்குநரா வந்தார். அவருக்கு ராத்திரி நட்சத்திரங்களைப் பார்க்கணும். அதுக்குக் கொடைக்கானல் பத்தாது. புது இடம் தேட ஆரம்பிச்சு, கடைசியில காவலூரை எடுத்தாங்க. 1968ல 38 செ.மீ. டெலஸ்கோப்ல வேலை தொடங்குச்சு. 1972ல 1 மீட்டர் ஜெய்ஸ் டெலஸ்கோப் வந்துச்சு. 1986ல 2.34 மீட்டர் டெலஸ்கோப் வந்தப்போ பாப்பு உயிரோட இல்ல. அதுக்கு அவர் பேரை வெச்சாங்க. 1988ல இங்கிருந்து கண்டுபிடிச்ச ஒரு சிறுகோளுக்கு நம்ம ராமானுஜன் பேர்.

நாலாவது வீடு லடாக்ல இருக்கிற ஹான்லே. 4,500 மீட்டர் உயரம். 2000ல அங்க 2 மீட்டர் டெலஸ்கோப் முதல் தடவையா வானத்தைப் பார்த்துச்சு.

காவலூர் மார்க் ஷீட்

ரேங்க் லிஸ்ட் போட்டா காவலூர் ஜெயிக்கவே ஜெயிக்காது. உயரம் 725 மீட்டர்தான். தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமழைக்கும் மேகம் வரும். வருஷத்துல முதல் நாலஞ்சு மாசம்தான் நல்ல வானம்.

அப்புறம் ஏன்? ரெண்டு காரணம். ஒண்ணு, இருட்டு. சுத்திக் காடு, பக்கத்துல பெரிய ஊர் கிடையாது. தெருவிளக்கு வெளிச்சம் காத்துல இருக்கிற தூசியிலயும் ஈரத்துலயும் பட்டுச் சிதறி வானத்தையே வெளுக்க வெச்சிடும். மங்கலான நட்சத்திரம் அதுல காணாமப் போயிடும். நம்ம பாஷையில, சிக்னல் அதேதான், நாய்ஸ் ஏறிடுது.

ரெண்டு, இடம். காவலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12.5 டிகிரி. அதனால வடக்கு வானத்தோட சேர்த்து, தெற்கு வானத்துலயும் பெரும்பகுதி தெரியும். ஐரோப்பாவில எவ்ளோ பெரிய டெலஸ்கோப் வெச்சாலும் இது கிடைக்காது.

எதைப் பார்க்கணும்னு முதல்ல முடிவு பண்ணாங்க. அதுக்கு எது இல்லாம முடியாதுன்னு பார்த்தாங்க. மத்த குறையை எல்லாம் தெரிஞ்சே ஏத்துக்கிட்டாங்க. மெட்ராஸ், கொடைக்கானல், காவலூர் எதுவும் தப்பான வீடு கிடையாது. பார்க்க வேண்டிய விஷயம் மாறினப்போ இடம் மாறுச்சு, அவ்ளோதான்.

இப்ப என் வீடுகள்

2018ல வேலைக்குச் சேர்ந்து வேளச்சேரியில நாலு பேரோட ஒரு வீடு. 2019 கோடையில சென்னை ஏரிகள் வறண்டப்போ, காலையில முதல் வேலை டேங்கர் வந்துச்சான்னு பார்க்கிறது. ஓ.எம்.ஆர். கம்பெனிகள் சிலது தண்ணி இல்லாம வீட்டுலேர்ந்து வேலை பாருங்கன்னு சொன்ன வருஷம் அது. ஆனா தொழில் கத்துக்கிட்டது அந்த வீட்டு ஹால்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு ரூம்மேட்ஸ்கூட உக்காந்துதான்.

2020ல லாக்டவுன், திரும்ப ஆலங்காயம். அம்மா சமையல், சாயங்காலம் மலைக்காத்து. கூடவே கரண்ட் கட், மொட்டை மாடியில ஒரே ஒரு மூலையில மட்டும் வர நெட்வொர்க், எட்டு மணிக்கு மேல பேச ஆள் இல்லாத ஊர். 2022ல இருந்து பெங்களூர். நல்ல வேலை, நல்ல வெதர், பத்துக்குப் பத்து ரூம்.

மூணையும் ஒரே ஸ்கேல்ல வெச்சு "எது பெஸ்ட்"னு கேட்டுட்டு இருந்தா முடிவே வராது. 22 வயசுல நான் பார்க்க வேண்டியிருந்தது வேற, இப்ப பார்க்க வேண்டியது வேற.

விக்கிறதா, வேண்டாமா

இந்த வருஷம் அப்பா ஒரு யோசனை சொன்னார். "ஆலங்காயம் வீட்டை வித்துடலாம்டா. அந்தக் காசை முன்பணமா போட்டு ஓ.எம்.ஆர்.ல ஃப்ளாட் வாங்கிக்கோ. நாங்களும் அங்கயே வந்துடறோம்." அம்மா எதுவும் சொல்லல. அம்மா எதுவும் சொல்லலைன்னா என்ன அர்த்தம்னு உங்க வீட்லயும் தெரியும்.

அடுத்த பத்து வருஷத்துக்கு எனக்கு எதைப் பார்க்கணும்னு எழுதினேன். ரெண்டே வரி வந்துச்சு. என் வேலை. அவங்களுக்கு ஒண்ணுன்னா சீக்கிரம் போய்ச் சேர முடியறது. ஜிம், மால், ஸ்விம்மிங் பூல் எதுவும் அந்த லிஸ்ட்ல வரல.

இங்கதான் ஹான்லே ஞாபகம் வந்துச்சு. கடல் மட்டத்தை விட ஆக்ஸிஜன் ரொம்பக் குறைவா இருக்கிற இடம். அதனால அந்த டெலஸ்கோப்பை சாட்டிலைட் இணைப்பு வழியா பெங்களூர் பக்கத்துல ஹோசகோட்டேல உக்காந்து இயக்குறாங்க. பார்க்கிற இடம் ஒண்ணு, உக்கார்ற இடம் ஒண்ணு. ஹான்லே வந்ததுக்காகக் காவலூரை மூடவும் இல்ல.

நாங்க எடுத்த முடிவு: வீட்டை விக்கல. பெங்களூர்ல ரயில் ஸ்டேஷன் பக்கமா வாடகைக்கு மாறிட்டேன். ஜோலார்பேட்டையில இறங்கினா வீடு பக்கம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மூணு நாள் அங்கிருந்து வேலை. ஆலங்காயம் வீட்டுக்கு இன்வெர்ட்டர், வெஸ்டர்ன் டாய்லெட், படிக்குக் கைப்பிடி போட்டோம். அம்மாவுக்கு முட்டி வலி.

இதுலயும் மேகம் உண்டு. ராத்திரி அவசரம்னா அவங்க வாணியம்பாடிக்கு ஓடணும், பெரிய விஷயம்னா வேலூர். நான் அங்க இல்லாத ராத்திரிதான் அதிகம். அந்தக் குறை தெரிஞ்சேதான் மூணு பேரும் சேர்ந்து முடிவு பண்ணோம்.

ஒரு கடைசி விஷயம்

நல்ல இடம் தானா நல்ல இடமா இருந்துடாது. சின்ன வயசுல எங்க மாடியில படுத்தா பால்வெளி தெரியும். இப்ப தெருவுக்குத் தெரு எல்.இ.டி., பாதி நட்சத்திரம் இல்ல. ஹான்லேயைச் சுத்தி 2022ல இருண்ட வான் காப்பகம்னு அறிவிச்சு, வெளிச்சம் மேல போகாம விளக்குக்கு மறைப்பு போட ஊர்க்காரங்களையும் சேர்த்துக்கிட்டாங்க. சென்னையில ஃப்ளாட் தேடுறவங்க இதே கண்ணோட பள்ளிக்கரணையைப் பாருங்க. 2022ல ராம்சர் பட்டியல்ல வந்த அந்தச் சதுப்புநிலத்தோட பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். மழைத் தண்ணியைத் தாங்குற இடம் சுருங்கினா, அந்தத் தண்ணி அடுத்து வர்றது நம்ம பார்க்கிங்குக்குத்தான்.

அதனால புரோக்கருக்கு போன் பண்றதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுங்க. எதைப் பார்க்க அந்த ஊருக்குப் போறீங்க, அதுக்கு என்ன மேகத்தைப் பொறுத்துக்குவீங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க. எழுதினதை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.