பிறந்த காலமும் மனிதர் குணமும்

பிள்ளை பிறந்ததும் நேரங் குறித்துச் சாத்திரியாரிடம் கொடுத்துக் குறிப்பு எழுதுவிப்பது யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் நெடுங்கால வழக்கமாகும். அக்குறிப்பு விவாகப் பொருத்தத்துக்கு மாத்திரம் பயன்படுவதன்று. இவன் முற்கோபி, இவளுக்குக் கல்வி மந்தம் என்று பிள்ளையின் குணத்தையும் ஆற்றலையும் முன்கூட்டியே தீர்மானிக்கவும் அது பயன்படுகின்றது. ஆதலின் பிறந்த காலத்துக்கும் குணத்துக்கும் மெய்யான தொடர்பு உண்டோ, உண்டாயின் அதற்கு இயற்கைக் காரணம் யாதோ என்பது வெறும் வாதப்பொருளன்று. வளரும் பிள்ளையின் வாழ்வைத் தொடும் வினாவாகும்.

சோதிடத்துக்கு இயற்கைக் காரணங் கூறும் முயற்சி புதியதன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, ஞாயிறு வெம்மையையும் திங்கள் ஈரத்தையும் தருவதுபோல ஏனைய கோள்களும் தத்தம் இயல்புக்கேற்ப உயிர்களைத் தாக்குகின்றன எனக் கருதினார். இக்காலத்தும், கடல்நீரைப் பெருகச் செய்யும் சந்திரன் நீர் மிகுந்த மனித உடலைத் தாக்காது விடுமோ என வினவுவாருளர். உவமை அழகியதே, ஆயினும் கணக்கு அதற்குத் துணைசெய்வதில்லை. சந்திரனின் ஈர்ப்பு, பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் இடையே வேறுபடுவதாலேயே வற்றுப்பெருக்கு உண்டாகின்றது. ஒரு முழ நீளமுள்ள சிசுவின் உடலில் அவ்வேறுபாடு இல்லையென்றே சொல்லத்தகும். செவ்வாய் பூமியை மிக அணுகி வருங் காலத்தும் அதன் ஈர்ப்பு, சிசுவைக் கையில் ஏந்தும் மருத்துவிச்சியின் உடலீர்ப்பிலுங் குறைந்ததே. இராகு கேதுக்களோ, சந்திரனின் பாதை சூரியனின் தோற்றப்பாதையை வெட்டும் இரு புள்ளிகளேயன்றிப் பொருள்களல்ல. ஈர்ப்பதற்கு அங்கே யாதுமில்லை.

இரண்டாவதாகக் கூறப்படுங் காரணம் பருவகாலம் ஆகும். இதில் ஓரளவு உண்மை உண்டு. வடகோளத்துக் குளிர்நாடுகளில் மாரியின் பிற்பகுதியிலும் இளவேனிலின் தொடக்கத்திலும் பிறந்தோரிடையே உளச்சிதைவு நோய் 5 முதல் 8 வீதம்வரை மிகுதியாகக் காணப்படுவது பல ஆய்வுகளால் உறுதிப்பட்டது. கருவுற்ற காலத்தில் தாயை அணுகும் தொற்றுநோய்கள், வெயிற்குறைவு முதலியன காரணமாகலாம் என்பர். ஆனால், இவ்விளக்கம் சோதிடத்துக்கு அரணாகுமோ? ஒரே மாதத்தில் மெல்பேணிற் கூதிரும் இலண்டனில் இளவேனிலும் நிகழ்கின்றன; சூரியன் நிற்கும் இராசியோ இரண்டிடத்தும் ஒன்றே. இலண்டனில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் இடையே எட்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணத்தில் அது ஏறக்குறைய ஒரு மணித்தியாலமே. மேலும், தமிழர் ஒருவரின் இராசி எனக் கொள்வது சந்திரன் நிற்கும் இராசியையே. சந்திரன் ஏறக்குறைய 27 நாளிற் பன்னிரண்டு இராசியையுஞ் சுற்றிவருகின்றது. இலக்கினமோ சுமார் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறுகின்றது. இவற்றுக்கும் பருவகாலத்துக்கும் யாதொரு தொடர்புமில்லை. பருவத்தின் செயல் நிறுவப்பட்டாலும் அது சாதகத்தை நிறுவியதாகாது.

மூன்றாவது காரணம் ஆசிரியர் அனைவரும் சிந்திக்கத்தக்கது. இலங்கையில் சனவரி 31ஆந் திகதியன்று ஐந்து வயது நிறைந்த பிள்ளைகள் முதலாந் தரத்திற் சேர்க்கப்படுகின்றனர். இதனால் பெப்ரவரி 5இற் பிறந்த பிள்ளை தன் வகுப்பில் மூத்தோருள் ஒன்றாகவும், சனவரி 25இற் பிறந்த பிள்ளை இளையோருள் ஒன்றாகவும் அமைகின்றன. ஐந்து வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் ஐந்திலொரு பங்கு. மூத்த பிள்ளை கெட்டிக்காரன் எனப் பெயர்பெற, இளைய பிள்ளை மந்தன் எனப் பெயர்பெறுதல் எளிது. மேல்நாடுகளிற் கல்வித்துறையிலும் விளையாட்டுத்துறையிலும் இவ்விளைவு நன்கு அறியப்பட்டுள்ளது. ஈண்டு நோக்கத்தக்கது யாதெனில், மேற்கூறிய இரு திகதிகளிலும் சூரியன் மகரத்திலேயே நிற்கின்றது என்பதாம். வானம் ஒன்றாயிருக்க, மனிதர் வகுத்த விதியே பிள்ளைகளை வேறுபடுத்துகின்றது.

நான்காவது காரணம் நம்பிக்கையின் வலிமை. 1978இல் ஐசென்கு என்னும் உளவியலறிஞரும் மேயோ முதலியோரும் 2,324 பேரை ஆராய்ந்து, சோதிடங் கூறியவாறே சில இராசியினர் கலகலப்பாகப் பழகும் இயல்பு மிகுந்தோர் எனக் கண்டனர். பின்னர், தம் இராசிக்குரிய குணங்களை அறியாதாரை ஆராய்ந்தபோது அத்தொடர்பு மறைந்தது. வானம் செய்ததன்று, அறிந்த சொல் செய்தது என்பது புலனாயிற்று. இன்று கானா எனப்படும் நாட்டின் அசாந்தி மக்கள், பிறந்த கிழமையாற் பிள்ளைக்குப் பெயரிடுவர்; திங்களிற் பிறந்தவன் அமைதியானவன், புதனிற் பிறந்தவன் முரடன் என்பது அவர்தம் நம்பிக்கை. 1954இல் யகோடா என்பார் இளங்குற்றவாளிகளின் நீதிமன்றப் பதிவுகளை ஆராய்ந்து, திங்களிற் பிறந்தோர் குறைந்தும், அடிதடிக் குற்றங்களிற் புதனிற் பிறந்தோர் மிகுந்தும் இருக்கக் கண்டார். கிழமை என்பது மனிதர் வகுத்த எண்ணிக்கையேயன்றி வானில் நிகழ்வதன்று. அங்ஙனமாகவும் அது குணத்தை ஆக்கிற்றெனின், ஆக்கியது பெயரும் ஊராரின் எதிர்பார்ப்புமே எனக் கொள்ளல் தகும்.

மூல நட்சத்திரத்திற் பிறந்த ஆண் அரசாள்வான், பெண் நிர்மூலமாக்குவாள் என்னும் வழக்கையும் இவ்வாறே நோக்கவேண்டும். இருவருக்கும் சந்திரன் ஒன்றே, சொல்லே வேறு. அச்சொல்லைக் கேட்டு வளரும் பெண்பிள்ளை ஒடுங்குவாளாயின், குற்றம் விண்மீனுடையதன்று.

சாதகமே குணத்தையும் ஆற்றலையும் காட்டுமோ என்பது நேரிலும் சோதிக்கப்பட்டுள்ளது. வானியலறிஞர் செயந்த் நார்லிகரும் அவர்தம் குழுவினரும் 2008இல் மகாராட்டிரத்தில் கற்றலிற் சிறந்த பிள்ளைகள் 100 பேரினதும், உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேரினதும் பிறப்புவிபரங்களைத் திரட்டினர். சோதிடர் ஒவ்வொருவருக்கும் 40 சாதகங்கள் வழங்கப்பட்டன. விடையளித்த 27 சோதிடரின் சராசரி வெற்றி, நாணயத்தைச் சுண்டித் தீர்ப்புக் கூறினாற் கிட்டும் அளவைத் தாண்டவில்லை.

பஞ்சாங்கம் கிரகணத்தையும் திதியையும் கணித்துக் கூறுவது வானநூலின் பாற்பட்டது. அதன் பெருமை இதனாற் குறைவதன்று. குணத்தைப் பற்றிய கூற்றே ஈண்டு ஐயத்துக்குரியது. பிறந்த காலத்தோடு ஒட்டிக் குணம் வேறுபடுவதாகத் தோன்றுமிடத்து, அவ்வேறுபாட்டின் காரணம் தட்பவெப்பத்திலும் பாடசாலை விதியிலும் சுற்றத்தாரின் வாய்ச்சொல்லிலுமே காணப்படுகின்றது. இவற்றுள் இறுதி இரண்டும் மனிதரால் மாற்றத்தக்கவை. வகுப்பிற் பின்தங்கிய பிள்ளையின் சாதகத்தை விரிக்குமுன், அப்பிள்ளை ஏனையோரினும் எத்தனை மாதம் இளையது என்பதையும், தன்னைப்பற்றி வீட்டில் எதனைக் கேட்டு வளர்ந்தது என்பதையும் வினவுதல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்குங் கடனாகும்.