ஏப்ரல் வந்தால் கப்பல்களும் வீடு மாறும்!

ஏப்ரல் மாதம் ஃப்ளோரிடாவின் மயாமி, ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகங்களில் நின்று பார்த்தால் கண்கொள்ளாக் காட்சி! குளிர்காலம் முழுக்கக் கரீபியன் தீவுகளைச் சுற்றிச் சுற்றி வந்த சொகுசுக் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கிழக்கே கிளம்பும். கோடையில் அவற்றுக்கு வேலை மத்தியத் தரைக்கடலில். இடையில் கிடப்பது அட்லாண்டிக் பெருங்கடல். கப்பல் எப்படியும் போயே ஆக வேண்டும், வெறும் அறைகளோடு ஏன் போக வேண்டும் என்று இந்த ஒருவழிப் பயணத்தையும் நிறுவனங்கள் விற்கின்றன. நாள் கணக்கில் பார்த்தால் வழக்கமான பயணத்தைவிடப் பெரும்பாலும் மலிவு. என்னைக் கேட்டால், கப்பல் பயணங்களிலேயே இதற்கு ஈடு இணை கிடையாது. இரண்டே வாரத்துக்குள் வெயில், ஈரம், காற்று, குளிர் எல்லாம் ஒரே டிக்கெட்டில்!

அதனால்தான் பெட்டி கட்டுவதும் ஒரு கலையாகிவிடுகிறது. கிளம்பும் நாளில் ஃபோர்ட் லாடர்டேலில் 28 டிகிரி வெயில், நம் ஊர் மார்கழிப் பகல் மாதிரி. நீச்சல் குளத்தைச் சுற்றி ஒரு நாற்காலி காலி இருக்காது. இறங்கும் நாளில் பார்சிலோனாவில் பகலில் 18 டிகிரியை ஒட்டி, விடியலில் 11. நடுவே அசோர்ஸ் தீவுகளில் நிற்கும்போது எந்த நேரத்தில் எந்த வானம் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்ல மாட்டார்கள். என்ன எடுத்துப் போவது என்று தெரிய வேண்டுமானால் துணிக்கடைக்குப் போகக் கூடாது. கப்பலின் உச்சியில், கேப்டனும் அதிகாரிகளும் நிற்கும் அறைக்குப் போக வேண்டும். வாருங்கள், எட்டிப் பார்த்துவிடுவோம்!

அகலமான கண்ணாடிச் சுவர், அதன் முன்னே வரிசையாகத் திரைகள். அவற்றில் ஒன்று முழுக்க வளைவு வளைவாகக் கோடுகள். அதுதான் வானிலை வரைபடம். வட அட்லாண்டிக்கில் இரண்டு பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். தெற்கே அசோர்ஸ் தீவுகளை ஒட்டி உயர் அழுத்த மண்டலம். அதன் கீழே வானம் தெளிவு, கடல் சாது. வடக்கே ஐஸ்லாந்துப் பக்கம் தாழ்வழுத்த மண்டலம். புயல்களின் கூடாரம். குளிர்காலத்தில் வடக்கத்தி ஆள் கை ஓங்கியிருக்கும், கோடையில் தெற்கத்தி ஆள். வசந்தத்தில்? அப்போதுதான் இருவருக்கும் மல்யுத்தம்! ஒரு வாரம் கண்ணாடி போலக் கடல், அடுத்த வாரம் அதே இடத்தில் ஐந்து மீட்டர் அலை. கேப்டன் இந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் பாதையைத் தெற்கே இறக்குவதா, வேகத்தைக் கூட்டிப் புயலுக்கு முன்னே ஓடிவிடுவதா, அல்லது மெதுவாகப் போய் அதை முன்னே விடுவதா என்று முடிவெடுக்கிறார். வசந்த காலக் கப்பல்கள் பலவும் தென்பாதையைப் பிடிப்பது இதனால்தான். ஃப்ளோரிடாவிலிருந்து அசோர்ஸின் பொன்டா டெல்கடா வரை ஏறத்தாழ 5,200 கிலோமீட்டர். ஆறு நாளுக்குக் கரையே கண்ணில் படாது!

நண்பகலில் ஒலிபெருக்கியில் கேப்டன் பேசுவார். அதைத் தவறவிடாதீர்கள். கப்பல் எங்கே இருக்கிறது, கடலின் ஆழம் என்ன, காற்று எத்தனை 'போஃபோர்ட்' என்று சொல்வார். 1805இல் ஃபிரான்சிஸ் போஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி வகுத்த அளவுகோல் அது. அன்று அவர் காற்றின் வேகத்தைக் கணக்கிடவில்லை. போர்க்கப்பல் எத்தனை பாயை விரித்துத் தாங்கும் என்பதை வைத்தே 0 முதல் 12 வரை எண் கொடுத்தார். இன்றைக்கும் அதே எண்கள்தான். 4 என்றால் கடலெங்கும் வெள்ளை நுரை தலைகாட்டும். 6 என்றால் மேல்தளத்தில் தொப்பி தங்காது. 8 என்றால் மேல்தளக் கதவையே பூட்டிவிடுவார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு! கப்பல் 20 நாட் வேகத்தில் கிழக்கே போகிறது, அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர். மேற்கிலிருந்து அதே 20 நாட்டில் காற்று வீசினால் மேல்தளத்தில் ஓர் இலைகூட அசையாது. கப்பலும் காற்றும் கைகோத்து நடக்கின்றன, உங்கள் புத்தகத்தின் பக்கம்கூடப் புரளாது! அதே காற்று எதிரே கிழக்கிலிருந்து வந்தாலோ இரண்டும் கூடி 40 நாட், மணிக்கு 74 கிலோமீட்டர். வெளியே இருப்பது போஃபோர்ட் 5. உங்கள் முகத்தில் அடிப்பது 8. வட அட்லாண்டிக்கின் நடுப்பகுதியில் மேற்குக் காற்றே அதிகம் என்பதால் வசந்தத்தில் ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் பாக்கியசாலிகள். இலையுதிர் காலத்தில் அமெரிக்காவுக்குத் திரும்புகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆனால் முதல் சில நாட்கள், ஃப்ளோரிடாவின் பக்கத்தில், கிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்றுதான். வெயிலைப் பார்த்துப் பருத்திச் சட்டையோடு மேலே ஏறுகிறவர்கள் இரண்டே நிமிடத்தில் இறங்கி வருவது அதனால்தான்.

ஆகவே, ஸ்வெட்டரை அல்ல, காற்று புகாத மெல்லிய மழைக்கோட்டை முதலில் எடுத்து வையுங்கள். தலையை மூடும் துணி அதனோடு சேர்ந்தே இருக்க வேண்டும். குடை வேண்டவே வேண்டாம். நடுக்கடலில் அது ஒரு நொடியில் திரும்பிக்கொள்ளும். அந்தக் கோட்டுக்குள்ளே ஒன்றின்மேல் ஒன்றாகப் போட மெல்லிய உடுப்புகள். கனமான ஒரே ஒரு கம்பளிச் சட்டையைவிட மெல்லிய மூன்று உடுப்புகள் மேல். காலையில் மூன்றும், மதியம் ஒன்று. ரப்பர் அடிப்பாகம் கொண்ட மூடிய காலணி கட்டாயம். உப்பு நீர் தெளித்த தளத்தில் தோல் செருப்பு வழுக்கும். உள்ளே உணவுக்கூடத்திலும் அரங்கத்திலும் ஏசி குளிர் தாராளம், ஆகவே சால்வை ஒன்று.

இனி பயணிகள் பார்க்காத இடத்துக்கு! 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று எழுதிய கதவைத் தாண்டினால் அணியத்திலிருந்து அமரம் வரை, அதாவது கப்பலின் முன்முனையிலிருந்து பின்முனை வரை, நீண்டு கிடக்கும் பெரிய நடைபாதை. அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயரால் பல கப்பல்களில் இதை 'ஐ-95' என்றே கூப்பிடுகிறார்கள். காய்கறி வண்டி, சலவை மூட்டை, ஒப்பனை கலையாத நடனக் கலைஞர், எல்லாம் இதே வழியில்தான். பல நாள் கரையில்லாத பயணம் என்பதால் இடையில் கடைக்கு ஓட முடியாது. முட்டை முதல் முள்ளங்கி வரை முன்கூட்டியே ஏற்றியாக வேண்டும். குடிநீரை மட்டும் வழியிலேயே தயாரித்துக்கொள்கிறார்கள். கடல்நீரைக் காய்ச்சியோ, சவ்வு வழியாக அழுத்தியோ உப்பை நீக்குகிறார்கள். காய்ச்சுவதற்கு இன்ஜினின் வெப்பமே உதவுகிறது. நீங்கள் குளிப்பது அட்லாண்டிக்கில்தான்!

புயல் வரப்போகிறது என்பதைக் கேப்டன் சொல்வதற்கு முன்பே இந்த ஊழியர்கள் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். நீச்சல் குளத்து நீர் மட்டம் இறங்குகிறதா? கடையில் வாசனைத் திரவியப் புட்டிகளைப் படுக்க வைக்கிறார்களா? லிஃப்ட் பக்கத்தில் காகிதப் பைகள் செருகப்பட்டிருக்கின்றனவா? அப்படியென்றால் இன்றிரவு ஆட்டம் உண்டு! பயப்பட ஒன்றுமில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே இரு பக்கமும் சிறகு போன்ற துடுப்புகள் நீண்டு பக்கவாட்டு ஆட்டத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும். முன்னும் பின்னும் எழுந்து விழும் ஆட்டத்தை மட்டும் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே அறை பதிவு செய்யும்போதே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். உச்சியில் பால்கனியோடு உள்ள அறைதான் அதிகம் ஆடும்.

குமட்டலுக்கு மாத்திரை கொண்டு போகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். தலை சுற்றிய பிறகு அல்ல, அதற்கு முன்பே போட்டால்தான் அது நன்றாகக் கேட்கும். கப்பல் ஊழியர்களின் கைமருந்து பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் இஞ்சியும். நம்மிடம் இருக்கவே இருக்கிறது இஞ்சி மரப்பா! மலைப்பாதைப் பேருந்தில் நம்மைக் காப்பாற்றிய அந்த மஞ்சள் துண்டுகளில் ஒரு பொட்டலம் கைப்பையில் இருக்கட்டும். அதோடு, அறைக்குள் படுத்துக் கூரையைப் பார்க்காமல் வெளியே வந்து அடிவானத்தைப் பாருங்கள். கண்ணும் காதும் சமாதானமாகும்.

வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளைப் பயண நாட்களைவிடக் கூடுதலாகவே எடுத்துப் போங்கள், கைப்பையில். கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் அட்லாண்டிக்கின் நடுவே கரையிலிருந்து ஹெலிகாப்டர் வந்து சேர முடியாத தொலைவு இருக்கிறது. ஏறும் நாளில் பெரிய பெட்டி உங்கள் அறைக்கு வந்துசேர மாலையாகிவிடலாம். நீச்சல் உடையும் கைப்பையிலேயே இருந்தால் மற்றவர்கள் பெட்டிக்குக் காத்திருக்கும்போது நீங்கள் குளத்தில் இருப்பீர்கள்! இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஏறுவதற்கு அமெரிக்க விசா, அசோர்ஸிலும் ஸ்பெயினிலும் இறங்குவதற்கு ஷெங்கன் விசா, இரண்டும் கையில் வேண்டும். அசோர்ஸ் போர்ச்சுகலைச் சேர்ந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இஸ்திரிப் பெட்டி கொண்டு போகாதீர்கள், தீ அபாயம் என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். அறைச் சுவர்கள் பெரும்பாலும் உலோகம் என்பதால் காந்தக் கொக்கிகள் நாலைந்து இருந்தால் ஈரக் கோட்டு, தொப்பி, பை எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிடும். அலங்கார இரவுகளுக்கு அங்கே கோட்டும் கவுனும் அணிந்து வருவார்கள். நம் பட்டுப்புடவைக்கு முன்னால் அவை எம்மாத்திரம்! ஒரே ஒரு காஞ்சிப் பட்டு போதும். அதைக் கட்டிக்கொண்டு மேல்தளத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

ஃப்ளோரிடாவுக்கும் பார்சிலோனாவுக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். விமானத்தில் போனால் அது ஒரே அடியாகத் தலையில் இறங்கும். கப்பலில் வெவ்வேறு ஆறு நாட்களில் ஒவ்வொரு மணியாகக் கடிகாரத்தை முன்னே தள்ளுகிறார்கள். சில கப்பல்களில் நள்ளிரவில், சிலவற்றில் நண்பகலில். நண்பகல் வழக்கம்தான் எனக்குப் பிடித்தது, தூக்கத்தில் கைவைப்பதில்லை. முள் வைத்த பழைய கைக்கடிகாரம் ஒன்று கொண்டு போனால், அவ்வப்போது அதைத் திருகி வைப்பதே தனி இன்பம்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ பச்சை மலைகளோடு, பொன்டா டெல்கடா இருக்கும் சாவோ மிகேல் தீவு எழுந்து வரும். அந்தக் காலை எல்லோரும் மேல்தளத்தில்தான்! வசந்தத்தில் நீலத்திமிங்கலங்கள் இந்தத் தீவுகளைக் கடந்துதான் வடக்கே போகின்றன, ஆகவே பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். அசோர்ஸில் 1980கள் வரை திமிங்கலம் பிடித்தார்கள். அன்று மலைமுகட்டில் காவல் நின்று திமிங்கலத்தைக் காட்டிக்கொடுத்த அதே கோபுரங்களிலிருந்து இன்று சுற்றுலாப் படகுகளுக்கு வழிகாட்டுகிறார்கள். செட்டே சிடாடெஸ் என்ற எரிமலை வாயின் இரட்டை ஏரிகளைப் பார்க்கக் கிளம்பும்போது கீழே வெயில், மேலே மூடுபனி. பத்து நிமிடம் பொறுத்தால் திரை விலகும், மறுபடி மூடும். மழைக்கோட்டு இங்கேயும் கைகொடுக்கும்.

வடபாதையில் போகிறவர்களின் பெட்டி வேறு. நியூயார்க்கிலிருந்து சவுத்தாம்ப்டனுக்கு ஏழு இரவில் போகும் குயீன் மேரி 2, 2004 முதல் ஓடுகிறது. அந்தப் பக்கம் வெப்ப நீரோட்டமும் லாப்ரடார் குளிர் நீரோட்டமும் சந்திக்கும் இடத்தில் வசந்த மூடுபனி அடர்த்தி. பனிப்பாறைகள் தெற்கே மிதந்து வரும் பருவமும் இதுவே. டைட்டானிக் மூழ்கியதும் 1912 ஏப்ரலில்தான். அதன் விளைவாகத் தோன்றிய சர்வதேசப் பனிப்பாறைக் கண்காணிப்பை அமெரிக்கக் கடலோரக் காவல்படை நடத்துகிறது. பாறைகள் எதுவரை வந்திருக்கின்றன என்ற எல்லைக்கோடு கப்பல்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அங்கே போகிறவர்களுக்குக் கம்பளித் தொப்பியும் கையுறையும் அவசியம். அந்தக் கப்பலில் நாய்களுக்குத் தங்குமிடம்கூட உண்டு. அமெரிக்க நாய்களுக்கு நியூயார்க் தீயணைப்புக் குழாய், ஆங்கிலேய நாய்களுக்கு லிவர்பூல் விளக்குக் கம்பம் என்று தளத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள்!

கடைசி இரவுக்கு ஒரு வார்த்தை. பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிட வேண்டும், ஊழியர்கள் இரவோடு இரவாக எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் அவற்றைக் கரையில்தான் பார்ப்பீர்கள். எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, காலையில் இரவு உடையோடு விழிப்பவர்கள் உண்டு. ஆகவே மறுநாள் உடுத்த உடுப்பு, காலணி, பாஸ்போர்ட், மருந்து, அந்த மழைக்கோட்டு இத்தனையையும் நாற்காலியில் எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள்.