திராட்சைத் தேறலும் திணைநெறியும்

ஒரு பொருளை உள்ளவாறு அறிதற்கு நம் முன்னோர் கொண்ட அளவைகளுள் தலையாயவை மூன்று. அவை காண்டல், கருதல், உரை என்பன. புலன்களால் நேரே அறிதல் காண்டல்; அறிந்ததைக்கொண்டு அறியாததை உய்த்துணர்தல் கருதல்; அறிந்தார் சொற்கேட்டு அறிதல் உரை. இம்மூன்றும் தத்தம் இடத்திலே நிற்குங்கால் அறிவு தெளிவாயிருக்கும். உரையானது காண்டலின் இருக்கையைக் கவர்ந்துகொள்ளுமாயின் மயக்கம் பிறக்கும். இம்மயக்கம் மிகுந்து நிலவும் துறைகளுள் ஒன்று, ஆங்கிலத்திலே வைன் எனப்படும் திராட்சைத் தேறலைத் தெரிந்து அருந்துந் துறையாகும். யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என வழங்கும் அப்பழத்தின் சாறு நொதித்துத் தெளிந்ததே இத்தேறல்.

திருமண விருந்திலோ, கடல்கடந்து வாழும் உறவினர் இல்லத்திலோ இதனை முதன்முறை எதிர்கொள்வார் பலர். போத்தலின்மேல் ஒட்டிய தாளிலே வாயில் நுழையாத பிரெஞ்சுப் பெயர் காணப்படும். அருகிருப்பார் அதன் விலையை வியந்து கூறுவர். புதியவரோ தம் நா உணர்ந்ததைச் சொல்ல நாணி, பிறர் மெச்சியதைத் தாமும் மெச்சித் தலையசைப்பர். செய்யுளைப் படியாது உரையை மாத்திரம் மனனஞ்செய்து பரீட்சைக்கு வரும் மாணாக்கரை ஆசிரியர் அனைவரும் அறிவர். அவர்க்கும் இவர்க்கும் வேற்றுமை யாது?

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தாரன்றோ, தமிழ் கற்பிப்பார் இதனை எழுதல் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். அருந்தாதார் இனி அருந்துக என்று கூற யாம் வந்திலேம். அருந்துவார் அறிந்தும் அளவு தெரிந்தும் அருந்துதல் வேண்டுமென்பதே எம் கருத்து. அருந்தாதார் இதனை ஓர் அறிவாகக் கொள்வாராக.

யவனர் கொணர்ந்தது

தமிழர்க்கு இத்தேறல் புதியதொன்றன்று. புறநானூற்றின் 56ஆம் பாட்டிலே, யவனர் நற்கலங்களிற் கொணர்ந்த தேறலை அருந்தி இனிது வாழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகின்றார். 1945ஆம் ஆண்டிலே சேர் மோட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருபிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள் வெளிப்பட்டன. அத்தகைய சாடிகளிலேயே அக்காலத்துத் தேறல் கடல்கடந்தது. யவனர் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டமையை அகநானூற்றின் 149ஆம் பாட்டு உரைக்கும். இம்மிளகைப் பற்றிப் பின்னரும் ஒரு செய்தி கூறுவேம்.

முதற்பொருள்

நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். திராட்சைத் தேறலின் இயல்பை விளக்க இதனினும் சுருங்கிய சூத்திரம் வேண்டுவதில்லை. பிரான்சின் பேர்கண்டி நாட்டிலே சுண்ணாம்புக்கல் மிக்க சரிவுகளிற் கொடிகள் வளர்கின்றன. ஒரே இனக் கொடி, ஒரே வகை உழவு. ஆயினும் சரிவின் நடுவிலுள்ள தோட்டத்துத் தேறல் ஒரு சுவையினது, அடிவாரத்துத் தேறல் வேறொரு சுவையினது. மண்ணின் ஆழமும், நீர் வடியும் விரைவும், வெயில் விழும் சாய்வும் இவ்வேற்றுமைக்குக் காரணமாம். இடைக்காலத்திலே சீத்தோ மடத்துத் துறவியர் இத்தோட்டங்களைப் பேணி எல்லை வகுத்தனர். அவர்தம் கல்மதில் சூழ்ந்த வூஜோத் தோட்டம் இன்றும் உளது. இத்தோட்டப் பகுப்புக்களை 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது.

பொழுதும் அத்தகையதே. வெப்பம் மிக்க ஆண்டிலே பழத்தில் இனிப்பு மிகும், புளிப்புக் குறையும். குளிர்ந்த ஆண்டிலே இது மறுதலையாகும். 2003ஆம் ஆண்டின் கடுங்கோடையிலே பேர்கண்டியார் வழக்கத்துக்கு மாறாக ஆகஸ்டு மாதத்திலேயே பழம் பறிக்கத் தொடங்கினர். போத்தலின்மேற் காணும் ஆண்டு, பழம் பறித்த ஆண்டாகும். பழமையானது எல்லாம் சிறந்தது என்பதற்கு அஃது அடையாளமன்று. கடைகளில் விற்கப்படும் தேறல்களுட் பெரும்பாலன சில ஆண்டுகளுள் அருந்துதற்கென்றே ஆக்கப்பட்டவை.

கருப்பொருள்

நிலத்திற் பிறந்த பழமே கருப்பொருள். பழச்சாற்றிலுள்ள சர்க்கரையை மதுவம் என்னும் நுண்ணுயிர் மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றும். பனங்கள்ளிலே நிகழ்வதும் இதுவே. அது சில மணிநேரத்திற் புளிக்கும், இது நாட்கணக்கிற் புளிக்கும். நொதித்தலை ஆராய்ந்த லூயி பாஸ்டர், தேறலைப் பற்றியே ஒரு நூல் செய்து 1866ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

கரிய பழத்தின் சாறும் பெரும்பாலும் நிறமற்றதே. நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருவன. தோலோடு நொதிக்க விட்டது சிவப்புத் தேறல். தோலை நீக்கிச் சாற்றை மாத்திரம் நொதிக்க விட்டது வெள்ளைத் தேறல். தோலோடு சிறிது நேரம் வைத்து வடித்தது இளஞ்சிவப்பு. கரிய பழங்களிலிருந்து வெண்ணிறச் சம்பேன் பிறத்தலும் இதனாலேயே.

இனி, புதியவரை மருட்டும் பெயர்த்தாளைப் படிக்கும் வகை ஒன்றுண்டு. பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் முதற்பொருளாகிய நிலத்தின் பெயரை எழுதுவர். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சிலி முதலிய நாட்டார் கருப்பொருளாகிய பழத்தின் பெயரை எழுதுவர். இவ்வொன்றை அறிந்தால் மருட்சி பாதி நீங்கும். பேர்கண்டிச் சிவப்பு எனின் அது பெரும்பாலும் பினோ நுவார்ப் பழம்; பேர்கண்டி வெள்ளையும் சப்ளியும் சார்தொனே; சான்சேர் வெள்ளை சோவினியோன் பிளாங்; போர்தோச் சிவப்பு கபர்னே சோவினியோன், மெர்லோ முதலியவற்றின் கலப்பு.

கண், மூக்கு, நா

அருந்தும் முறை எளிது. கிண்ணத்தில் மூன்றிலொரு பங்கே வார்த்து, அதன் தண்டைப் பற்றுக. முதலிற் கண்ணால் நோக்குக. பின் கிண்ணத்தை மெல்லச் சுழற்றி மணத்தை மோந்து, அதன்பின் ஒரு மிடறு கொண்டு நாவெங்கும் பரவவிடுக. விழுங்கிய பின்னும் சுவை எவ்வளவு நேரம் நிற்கின்றது எனக் காண்க. விரைந்து விழுங்குவார்க்கு மணம் கிட்டாது. மணம் கிட்டாதார்க்குத் தேறலின் பெரும்பகுதி கிட்டாது.

இவ்விடத்திலே தமிழ் பேசுவார்க்கு ஓர் உதவி உண்டு. சிவப்புத் தேறலிலுள்ள தனின் என்னும் பொருள் வாயை உலர்த்தி இறுக்குவதை மேனாட்டு மாணாக்கர் புதிதாகக் கற்றல் வேண்டும்; அவர்தம் அறிவியல் அதனைச் சுவையெனக் கொள்ளாது ஊறு என்னும் தொடுபுலனோடு சேர்க்கும். நாமோ அறுசுவையுள் ஒன்றாகத் துவர்ப்பைப் பெயரிட்டு வைத்திருக்கின்றோம். வாழைக்காயும் மாதுளந்தோலும், பால் சேராத கடுஞ்சாயத் தேநீரும் அதனை நமக்கு முன்னரே கற்பித்துவிட்டன. சோவினியோன் பிளாங்கிலே கொய்யாவின் மணம் தோன்றுவதுண்டு; அதனைக் கொய்யா என்றே கூறுக. ஐரோப்பியக் காட்டுக்கனிகளின் பெயரைக் கடன்வாங்க வேண்டுவதில்லை.

மிளகின் செய்தி இதுவாகும். சீறா என்றும் சிறாஸ் என்றும் வழங்கும் பழத்தின் தேறலிலே மிளகு மணம் உண்டென்று சுவைஞர் நெடுங்காலம் கூறிவந்தனர். ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2008ஆம் ஆண்டிலே அம்மணத்துக்குக் காரணம் றொற்றன்டோன் என்னும் பொருள் எனக் கண்டனர். மிளகில் மணப்பதும் அதே பொருள்தான். யவனர் தேறலைத் தந்து கொண்டுசென்ற கறியின் மணம் தேறலினுள்ளேயே இருத்தல் வியப்பன்றோ! நாவும் மூக்கும் முன்னே சொன்னதை ஆய்வுக்கூடம் பின்னே உறுதிசெய்தது.

பெயரும் விலையும்

1855ஆம் ஆண்டிலே பாரிசுப் பொருட்காட்சியின் பொருட்டுப் போர்தோத் தேறல்களைத் தரம்பிரித்தனர். அன்றைய சந்தை விலையே அப்பிரிவுக்குப் பெரிதும் அடிப்படையாயிற்று. இரண்டாந் தரத்தில் வைக்கப்பட்ட மூத்தோன் ரோட்சைல்ட் 1973இல் முதற்றரத்துக்கு ஏறியமை நீங்கலாக, முதற்றரத்தில் இன்றளவும் வேறு மாற்றமில்லை.

1976ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி, ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேய வணிகர் பாரிசிலே ஒரு சோதனை நடத்தினார். புகழ்பெற்ற பிரெஞ்சுத் தேறல்களும் அக்காலத்தில் எவரும் பொருட்படுத்தாத கலிபோர்னியத் தேறல்களும் பெயர் மறைத்து வார்க்கப்பட்டன. பிரெஞ்சு நடுவர் ஒன்பதின்மர் மதிப்பிட்டனர். வெள்ளையில் ஷாட்டோ மொந்தலேனாவும், சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப்பும் முதலிடம் பெற்றன. இரண்டும் கலிபோர்னியாவில் 1973ஆம் ஆண்டிற் பறித்த பழத்தின் தேறல்கள். அவ்வாண்டிலேயே முதற்றரம் எய்திய மூத்தோனின் 1970ஆம் ஆண்டுத் தேறல் சிவப்பில் இரண்டாவதாயிற்று. நடுவர் அறிவிலரல்லர். பெயர் மறைந்தபோது அவர்தம் நா தன் கடமையைச் செய்தது; அவ்வளவே.

காண்டலும் ஏமாறும் என்பதற்கு வேறொரு சான்று உண்டு. போர்தோ ஆய்வாளர் 2001இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, வெள்ளைத் தேறலுக்கு மணமற்ற செந்நிறம் ஊட்டித் தேறற்கலை பயிலும் மாணாக்கர் 54 பேருக்குக் கொடுத்தனர். அவர் அதனைச் சிவப்புத் தேறலுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். கண் முந்திக்கொண்டு மூக்கை மயக்கிற்று. 2008இல் வெளிவந்த இன்னோர் ஆய்விலே, பெயரும் விலையும் மறைத்துச் சுவைத்த 6000க்கு மேற்பட்ட மதிப்பீடுகள் தொகுக்கப்பட்டன. பயிற்சியில்லாதார் விலைமிக்கதைச் சராசரியாகச் சற்றுக் குறைவாகவே விரும்பினர். பயிற்சி பெற்றாரிடம் அவ்விறக்கம் காணப்படவில்லை. இவற்றாற் பெறப்படுவன இரண்டு: புதியவர் விலைமிக்கதை வாங்குதல் வீண், பயிற்சியோ வீணன்று.

தொடங்குவார்க்குச் சில

நடுத்தர விலைக்கு மேற் செல்ல வேண்டா. ஒரே பழத்தின் தேறல் இரண்டினை, நிலம் வேறாகத் தெரிந்து, நண்பரோடு கூடி ஒரே வேளையிற் சுவைக்க. போத்தல்களைத் துணியால் மூடி ஒருவர் வார்க்க, மற்றையோர் தாம் உணர்ந்ததைத் தம் சொல்லாலே எழுதுக. எழுதிய பின்னரே துணியை நீக்குக. இவ்வாறு சில முறை பயின்றார்க்குத் தம் விருப்பம் யாதென்பது தெளிவாகும்.

வெள்ளையை 8 முதல் 12 பாகை செல்சியசிலும், சிவப்பை 15 முதல் 18 பாகையிலும் அருந்துதல் நன்று. சிவப்பை அறையின் வெப்பநிலையில் அருந்துக என்னும் விதி குளிர்நாட்டு அறைக்கு உரியது. கொழும்பின் வெம்மையிலே அதனையும் அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுக்க வேண்டும்.

துவர்ப்பு மிக்க சிவப்பு கொழுப்புள்ள இறைச்சிக்கு இயையும். புளிப்புடைய வெள்ளை மீனுக்கு இயையும். நம் உறைப்புக் கறிகளோடு துவர்ப்பும் மதுசாரமும் மிக்கது சேரின் எரிவு மிகும். அதற்குச் சற்றே இனிப்பும் குறைந்த மதுசாரமும் உடைய ஜேர்மன் றீஸ்லிங் பொருந்தும்.

உணவகத்திலே பரிமாறுவார் முதலிற் சிறிது வார்த்துக் காத்து நிற்பது, அருந்துவாரின் புலமையைச் சோதித்தற்கன்று. தக்கையால் தேறல் கெட்டிருப்பின் நனைந்த அட்டையின் நாற்றம் வீசும். அக்குற்றம் உண்டோ எனப் பார்த்தற்கே அது. மோந்து பார்த்து, நன்று என்றோ கெட்டது என்றோ கூறினாற் போதும். எஞ்சியதைத் தக்கையிட்டுக் குளிரில் வைத்தால் மூன்று நான்கு நாள் நிற்கும்.

உரிப்பொருள்

முதலும் கருவும் கூறினேம், எஞ்சியது உரி. தேறலின் உரிப்பொருள் பகிர்தல் எனலாம். கள் சிறிதே கிடைத்தபோது அதனைத் தமக்களித்து, மிகுதியாய்க் கிடைத்தபோது தம்மைப் பாடச்செய்து தானும் மகிழ்ந்துண்டான் என்று, இறந்துபட்ட அதியமானை ஔவையார் புறநானூற்றின் 235ஆம் பாட்டில் நினைந்து இரங்குகின்றார். அங்கே கள்ளினும் மேம்பட்டு நிற்பது அதனைக் கொடுத்த கை.

ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர். மதுசாரம் பெரும்பாலும் நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு. ஐவர் பகிர்தற்கு அஃது அளவாகும், ஒருவர் முடித்தற்குரியதன்று. மதுசாரத்திலே தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்ததையும் அருந்துவார் அறிந்திருத்தல் வேண்டும். வள்ளுவர் அஞ்சியது அறிவு தன்னை இழத்தலையே. சிறிது கொண்டு, நின்று சுவைத்து, உணர்ந்ததை உணர்ந்தவாறு சொல்லுவார் அறிவை இழவாதிருக்கப் பயில்கின்றார். பெயர்த்தாளுக்கு அஞ்சி மெச்சுவாரோ, ஒரு துளியும் பருகாத முன்னரே அதனைப் பிறர் கையிற் கொடுத்துவிடுகின்றார்.