கும்பினியார் கைவிட்ட கூனிமேடு

கூனி என்றதும் கைகேயியின் காதில் ஓதிய அந்த அம்மாள்தான் நம் நினைவுக்கு வருவாள். அவளை விட்டுவிடுவோம்; நாம் பார்க்கப்போவது ஒரு கடற்கரைக் கிராமம்.

புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கூனிமேடு. பஸ்ஸில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஊர் கடந்து போய்விடும். சரித்திரத்தில் மட்டும் அதற்குப் பெரிய இடம்! ஆங்கிலக் கும்பினியாரின் பழைய ஏடுகளில் 'கானிமீர்' என்று காணப்படுவது இந்த ஊர்தான்.

1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். மராத்தியரிடம் அனுமதி பெற்று, 1680-களில் கும்பினியார் கூனிமேட்டில் ஒரு பண்டகசாலை வைத்தார்கள். நம் நெசவாளர்களின் துணியை வாங்கிச் சேர்த்துக் கப்பலேற்றும் வியாபாரம். சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக்கு வந்தபோது, அவரைப் பேட்டி காணக் கூனிமேட்டுப் பண்டகசாலைத் தலைவரையே அனுப்புவதென்று சென்னைக் கும்பினியார் தீர்மானித்தார்கள். அவ்வளவு மதிப்பு!

ஆனால் 1690-ல் கவர்னர் எலிஹு யேல், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை ராஜாராமிடமிருந்து விலைக்கு வாங்கினார். அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலைக்குப் பெயர் தந்தவரும் இவரே. கோட்டையும் கொத்தளமும் கிடைத்த பிறகு மணல்மேட்டை யார் நினைப்பார்கள்? கடலூர் செழித்தது, கூனிமேட்டின் மவுசு போயிற்று.

வெள்ளைத் துணி போனாலும், பக்கத்து மரக்காணத்தில் வெள்ளை உப்பு விளைந்துகொண்டுதான் இருக்கிறது. உப்பங்கழி நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிவிட்டு, வெயிலில் காய்ச்சி, பூத்த உப்பை வாரிக் கரையேற்றுகிறார்கள். மேலே சூரியன், கீழே உப்பின் பளபளப்பு. கண் கூசும், கால் வெடிக்கும். கூடை சுமப்பவர்களில் பெண்களும் உண்டு. ஐப்பசி மழை வந்துவிட்டால் பாத்தி கரைந்துவிடும், கூலியும் நின்றுவிடும். அந்த மாதங்களைத் தள்ளுவதற்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தரத் தமிழக அரசு முன்வந்தது. மூன்று மாத மழைக்கு அது எத்தனை நாள் அரிசி என்று குடும்பம் நடத்தும் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2024-ல் அருகிலுள்ள கழுவெளி ஏரி, உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வந்திறங்கும் பறவைகளால் கிடைத்த பெருமை இது. அன்று துணிக்காக இந்தக் கரையைத் திரும்பிப் பார்த்த உலகம், இன்று பறவைகளுக்காகப் பார்க்கிறது. சந்தோஷமான சங்கதிதான். பறவைகளைப் பார்க்கப் போகிறவர்கள், சாலையோரம் குவித்திருக்கும் உப்பையும், அதைச் சுமந்து வந்த பெண்களையும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வரலாம்.