ஆப்பை டெலிட் பண்ணிட்டீங்க, கொடுத்த சம்மதம் என்ன ஆச்சு?

போன வீடியோவில் க்ரெடிட் ஸ்கோர் பற்றிப் பேசினோம். அதோட ஒட்டின ஒரு விஷயத்தை இங்கே விரிவாப் பார்த்துடலாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிற பசங்க ஐடிஆர் ஃபைல் பண்ண எங்க ஆபீஸுக்கு வருவாங்க. ஃபார்ம் 16-ஐ போனில் தேடி எடுக்கிற அஞ்சு நிமிஷத்துக்குள்ள ரெண்டு கால் வந்துடும். "சார், ப்ரீ-அப்ரூவ்டு பர்சனல் லோன்..." கட் பண்ணிட்டு, "இலவசமா ஸ்கோர் பார்க்கலாம்னு ஒரு ஆப் போட்டேன் சார். அப்பவே டெலிட் பண்ணிட்டேன். இன்னும் விடமாட்டேங்கிறாங்க" என்பார்கள்.

ஆப்பை எடுத்துட்டா அது உங்க போனிலிருந்துதான் போகும். கம்பெனியோட சர்வரில் உங்க பான் நம்பர், மொபைல் நம்பர், பிறந்த தேதி எல்லாம் அப்படியே இருக்கும். அதைவிட முக்கியம், நீங்க டிக் அடிச்சுக் கொடுத்த சம்மதமும் உயிரோட இருக்கும். அதைத் தனியாகத்தான் திரும்ப வாங்கணும்.

அந்த டிக்குக்குப் பக்கத்தில் இருக்கிற பொடி எழுத்தைப் படிச்சா, பெரும்பாலும் மூணு அனுமதியை ஒண்ணாக் கட்டியிருப்பாங்க. உங்க க்ரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்க ஒண்ணு. அதைப் 'பார்ட்னர்' கடன் நிறுவனங்களுக்குக் கொடுக்க ஒண்ணு. டிஎன்டி போட்டிருந்தாலும் கால், வாட்ஸ்அப் பண்ண ஒண்ணு. ஸ்கோர் பார்க்கறதுக்கு முதல் அனுமதி மட்டும் போதும். மத்த ரெண்டும் அவங்க வியாபாரத்துக்கு.

சொல்லப்போனா, ஸ்கோருக்காக இந்த ஆப்பே தேவையில்லை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹை மார்க் என நாலு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகக் கொடுக்கணும் என்பது 2017-லிருந்தே ஆர்பிஐ விதி. நேரா அவங்க தளத்திலேயே எடுக்கலாம். நம்ம ரிப்போர்ட்டை நாமே பார்த்தா ஸ்கோர் குறையாது. (அங்கேயும் லோன் விளம்பரம் வரும். அங்கேயும் டிக் பாக்ஸைப் படிச்சுட்டுத்தான் அடிக்கணும்.)

இப்போ கடன் ஆப்புக்கு வருவோம். இங்கே போவது மானம். 2020, 2021-ல் நடந்தது ஞாபகம் இருக்கும். ஆப் போடும்போது 'காண்டாக்ட்ஸ் அலவ்' கொடுத்தவங்க தவணை தவறினதும், அவங்க மாமனார், மேனேஜர், பழைய டீச்சர் வரைக்கும் போன் போச்சு. 2021 ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு போலீஸ், சீன நாட்டவர் இருவர் உட்பட சிலரைப் பெங்களூரில் கைது செய்தது இந்த மாதிரி ஒரு வழக்கில்தான்.

அதுக்கப்புறம்தான் 2022 செப்டம்பர் 2-ல் ஆர்பிஐ விதி போட்டது. காண்டாக்ட் லிஸ்ட், கால் லாக், ஃபைல், போட்டோ இதையெல்லாம் கடன் ஆப் தொடவே கூடாது. கேமரா, மைக், லொகேஷன் மட்டும் கேஒய்சிக்காக ஒரே ஒரு தடவை, அதுவும் உங்க வெளிப்படையான சம்மதத்தோட. 2025 மே மாதம் வந்த டிஜிட்டல் கடன் வழிகாட்டுதலும் இதையே திரும்பச் சொன்னது. கூகுள் ப்ளேயும் 2023 மே 31-லிருந்து, பர்சனல் லோன் ஆப்கள் காண்டாக்ட்ஸையும் போட்டோவையும் கேட்கக் கூடாது என்றுவிட்டது. ஆக, இன்னைக்கு ஒரு கடன் ஆப் 'காண்டாக்ட்ஸ் அலவ்' கேட்டா, யோசிக்காம வெளியே வந்துடுங்க. முறையான நிறுவனம் அதைக் கேட்காது. எந்த ஆப் எந்த வங்கி அல்லது என்பிஎஃப்சிக்கு வேலை செய்யுது என்ற பட்டியல் 2025 ஜூலையிலிருந்து ஆர்பிஐ தளத்தில் இருக்கு. லோன் எடுக்கறதுக்கு முன்னாடி அதில் பேர் இருக்கான்னு பாருங்க.

அதே விதியில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு வரி இருக்கு. எந்தத் தகவலுக்குச் சம்மதம், எதுக்கு இல்லை என்று பிரிச்சுச் சொல்லவும், மூணாவது ஆளுக்குக் கொடுக்காதே என்று தடுக்கவும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தகவலை அழிக்கச் சொல்லவும் உங்களுக்கு வழி இருக்கணும்.

எப்படிச் செய்யறது? கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க. ப்ரைவசி பாலிசியோட கடைசியில் குறைதீர்ப்பு அதிகாரியின் மெயில் ஐடி இருக்கும். உங்க பதிவு செஞ்ச மெயிலிலிருந்தே எழுதுங்க: இந்த மொபைல் நம்பரில் பதிவு செஞ்ச நான், மார்க்கெட்டிங்குக்கும் பார்ட்னர்களிடம் பகிரவும் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். என் தகவலை அழித்துவிட்டு எழுத்தில் உறுதி செய்யுங்கள். இதுவரை யாரிடம் பகிர்ந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இவ்வளவு போதும். வங்கியோ என்பிஎஃப்சியோ 30 நாளில் பதில் தரலைன்னா, அல்லது பதில் சரியில்லைன்னா, ஆர்பிஐயின் சிஎம்எஸ் தளத்தில் ஆம்புட்ஸ்மேனுக்குப் புகார் போடலாம். காசு செலவில்லை. மிரட்டல், மார்ஃபிங் என்று போயிடுச்சுன்னா அது வேற விஷயம். உடனே 1930.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். கடன் நிலுவையில் இருக்கும்போது சம்மதத்தைத் திரும்பப் பெற்றா கடன் மறையாது, ரிப்போர்ட்டில் இருக்கிற டிஃபால்ட்டும் அழியாது. கடன் விவரத்தைக் க்ரெடிட் நிறுவனத்துக்குக் கொடுப்பது அவங்க சட்டக் கடமை. கணக்கு முடிஞ்ச பிறகும் கேஒய்சி ஆவணங்களை 5 வருஷம் வெச்சிருக்கணும், அது பணமோசடித் தடுப்புச் சட்டம். நீங்க நிறுத்த முடிவது மார்க்கெட்டிங், பகிர்வு, தேவையில்லாத தகவல் சேகரிப்பு. தினம் பத்து கால் வாங்கறவங்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

இதெல்லாம் கடன் நிறுவனங்களுக்கு. மற்ற எல்லா ஆப்புக்கும் சேர்த்து வருவதுதான் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதில் ஒரு உதாரணத்தைச் சட்டத்துக்குள்ளேயே எழுதியிருக்காங்க. டாக்டரோட ஆன்லைனில் பேசற ஆப், சிகிச்சைக்கும் காண்டாக்ட் லிஸ்டுக்கும் சேர்த்துச் சம்மதம் கேட்குது, நீங்களும் கொடுத்துடறீங்க. அப்பவும் அந்தச் சம்மதம் சிகிச்சைக்குத் தேவையான தகவலுக்கு மட்டும்தான் செல்லும். 'நீங்கதானே ஓகே கொடுத்தீங்க' என்ற வாதம் அங்கே எடுபடாது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமா இருக்கணும். அறிவிப்பைத் தமிழில் கேட்கலாம்.

விதிகள் 2025 நவம்பரில் வந்தாச்சு. ஆனா நிறுவனங்களைக் கட்டுப்படுத்தற முக்கியப் பகுதிகளுக்கு 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்காங்க, அதாவது 2027 மே. என் கருத்தில் இது தேவைக்கு மேலான தாராளம். அதுவரைக்கும் 2011-ஆம் ஆண்டின் ஐடி விதிகள் இருக்கு. வங்கிக் கணக்கு, கார்டு விவரம் மாதிரியான தகவலுக்குக் கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறலாம், குறைதீர்ப்பு அதிகாரி ஒரு மாதத்துக்குள் தீர்க்கணும் என்று அதிலும் இருக்கு. அதனாலதான் மெயிலில் எழுதச் சொன்னேன்.

குக்கீ பேனர் பற்றியும் கேட்கறாங்க. ஈஎம்ஐ கால்குலேட்டர் தளத்துக்குள்ள போனதும் வருமே, 'அக்செப்ட் ஆல்'. நம்ம சட்டத்தில் குக்கீ என்ற வார்த்தையே இல்லை. ஆனா அந்தக் குக்கீ உங்களை அடையாளம் காட்டினா அது தனிநபர் தரவுதான். பிரான்ஸில் ஒரே க்ளிக்கில் ஏற்க வைத்துவிட்டு, மறுக்க மட்டும் பல க்ளிக் வைத்ததற்காகக் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் போட்டாங்க. இங்கே அந்த நிலைமை வரும்வரை, 'மேனேஜ்' பட்டனைத் தட்டி மார்க்கெட்டிங் குக்கீயை ஆஃப் பண்ண பத்து செகண்ட்தான் ஆகும்.

கடைசியா, லோனுக்காக அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழியா பேங்க் ஸ்டேட்மென்ட் பகிர்ந்தவங்க இன்னைக்கே ஒரு வேலை செய்யுங்க. அந்த அக்ரிகேட்டர் ஆப்பைத் திறந்து, நடப்பில் இருக்கிற சம்மதங்களைப் பாருங்க. யாருக்கு, எதுக்காக, எந்தத் தேதி வரைக்கும், மாசத்துக்கு எத்தனை தடவை என்று எல்லாம் அதில் இருக்கும். முடிஞ்சுபோன லோனுக்கோ, கிடைக்காமலே போன லோனுக்கோ கொடுத்த சம்மதம் இன்னும் ஓடிக்கிட்டிருந்தா, பக்கத்திலேயே ரத்து செய்யற பட்டன் இருக்கு.