தயிர்சாதப் பொமரேனியன்

நாலுகால் உறவு – 9

சென்ற வாரம் கொழுப்பு, இந்த வாரம் மாவுச்சத்து.

நம் ஊரில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் வெள்ளை நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். “எங்க டாமி தயிர்சாதம்தான் சாப்பிடும், வேற எதையும் தொடாது” என்று வீட்டார் பெருமையாகச் சொல்வார்கள். உடனே ஒரு உறவினர் பதறுவார்: “நாய் ஓநாய் வம்சம். அதுக்கு எதுக்குங்க சோறு?”

ஓநாய் வாதத்தை முதலில் முடித்துவிடலாம். 2013இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய், ஓநாய் மரபணுக்களை ஒப்பிட்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் நொதியைக் கணையத்தில் சுரக்கவைக்கும் மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகள்தான். அவர்கள் பார்த்த நாய்களுக்கு 4 முதல் 30 வரை இருந்தன. மனிதன் வீசிய மிச்சம் மீதியைத் தின்றே பழகிய வயிறு இது. ஆனால் நமக்குப்போல் எச்சிலிலேயே செரிமானம் தொடங்காது, சிறுகுடல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே சோறு குழைய வேக வேண்டும்.

செரிக்கும், சரி. தேவையா? அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2006இல் வெளியிட்ட கையேடு, வளர்ந்த நாய்க்கு மாவுச்சத்தில் குறைந்தபட்ச அளவு எதையும் விதிக்கவில்லை. வேண்டிய குளுக்கோஸைப் புரதத்திலிருந்து கல்லீரலே தயாரித்துக்கொள்ளும். சினையாக இருக்கும் நாயும் பால் கொடுக்கும் நாயும் வேறு கதை. அவற்றுக்கு மாவுச்சத்தை நிறுத்தினால் புரதத்தை நிறையக் கூட்டியாக வேண்டும்.

டாமிக்கு வருவோம். 5 கிலோ எடை, கருத்தடை செய்தாயிற்று. மருத்துவர்கள் போடும் கணக்குப்படி நாளொன்றுக்கு ஏறத்தாழ 375 கலோரி போதும். இரண்டு வேளையும் சேர்த்து 200 கிராம் சோறு என்றால் 260 கலோரி. காபி நேரத்தில் ஆளுக்கொன்றாக நான்கு மேரி பிஸ்கட், அதில் ஒரு 100. முடிந்தது கணக்கு, தயிருக்கே இடமில்லை! இதில் கிடைத்த புரதம் 7 கிராம் சொச்சம். அமெரிக்கத் தீவனத் தரவிதிப்படி 1000 கலோரிக்கு 45 கிராம் வேண்டும், அதாவது டாமிக்குக் கிட்டத்தட்ட 17 கிராம். சோறு விஷமில்லை, முட்டைக்கும் கோழிக்கும் உரிய இடத்தை அது பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். 30 கிலோ லாப்ரடாருக்கு அந்த நான்கு பிஸ்கட் ஒரு நாள் உணவில் பதினான்கில் ஒரு பங்குகூட வராது. டாமிக்கோ கால் பங்குக்கும் மேல். சின்ன நாய் குண்டாவது இப்படித்தான்.

கடையில் வாங்கும் உலர் தீவனத்திலும் மாவுச்சத்து தாராளம். அந்த உருண்டை உதிராமல் நிற்கவே அது வேண்டும். பையின் பின்புறம் அதன் அளவு பெரும்பாலும் இருக்காது. புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் ஐந்தையும் கூட்டி நூறிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டியதுதான். ‘தானியம் இல்லாதது’ என்று கூடுதல் விலைக்கு விற்பதில் பட்டாணியும் உருளைக்கிழங்கும் இருக்கும். அவையும் மாவுச்சத்துதானே?

மூன்று மாதம் நிரம்பாத சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர் குட்டிகளிடம் மட்டும் இந்தச் சிக்கனம் கூடாது. அவற்றின் கல்லீரலில் சேமிப்பு குறைவு. சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே ரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், நடுங்கும், வலிப்புகூட வரும். ஈறில் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். அந்த வயதில் நாளுக்கு நான்கைந்து முறை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதே பாதுகாப்பு.

டாமியின் சோற்றைப் பாதியாக்கி, அவித்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி சேருங்கள். சைவ வீடென்றால் பனீர், குழைந்த பருப்பு. கால்சியத்துக்கு மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும், வீட்டுச் சமையலில் அது கட்டாயம் குறையும். தயிர்சாதத்தைக் குறைத்தோமே என்று சாம்பார்சாதத்துக்கு மாறிவிடாதீர்கள். சின்ன வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்.

அடுத்த வாரம் அந்த வெங்காயமும், கூடவே திராட்சையும் சாக்லேட்டும்.